திருப்பந்திக்குப் பெயர் கொடுத்தவர்கள்

கடவுளின் இரக்கமும் அவருடைய நியாயத்தீர்ப்பும் எப்படி ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றன என்பதை என் முப்பதாவது வயதில் நான் முழுமையாக விளங்கிவைத்திருந்தேன். மலாயாவில், மூவார் ஆற்றின் மேல்பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, வேலை பார்த்த காலம் அது. அந்த விளக்கத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பகுதிகளாகப் பிரசங்கமும் செய்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவப் போகிறவர்கள், பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேருக்கு என் யாழ்ப்பாணத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும்.

இப்போது எனக்கு எண்பது நெருங்குகிறது. அன்று விளங்கியதில் ஒரு வரிகூட இன்று விளங்கவில்லை. ஒரு பெண்ணுக்கு நான் செய்த தீங்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. அதை எழுதிவைக்கிறேன்.

எங்கள் சபை சிறியது. தோட்டத்தின் பழைய புகைக்கொட்டகையை மேனேஜரான வெள்ளைக்காரத் துரை எங்களுக்குக் கோயிலாகக் கொடுத்திருந்தார். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்திய புகைவாடை போகவில்லை. நரகத்தைப் பற்றிப் பேசும் நாட்களில் அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. போதகர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் வாசிப்பதும் புத்தி சொல்வதும் என் பொறுப்பு. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், வேத வியாக்கியானங்களை ஆங்கிலத்தில் வாசிக்கத் தெரிந்தவன் என்பவை அதற்குக் காரணங்கள். அந்தக் கோயிலுக்குள் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு வரும் மூன்று பேரில் ஒருவன் என்பதும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

என் பிரசங்கத்தில் கடவுள் ஏறக்குறைய எங்கள் துரையைப் போலவே இருப்பார். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி உறுமுவது நியாயத்தீர்ப்பு. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு ஒரு டின் பிஸ்கட் அனுப்புவது இரக்கம். இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன, ஆகவே முரண்பாடு இல்லை. இதுதான் என் வேதசாஸ்திரம். பிஸ்கட் டின் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களின் வீடுகளுக்கு மட்டும்தான் போகும், கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போகாது என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. போதகர் வந்து அப்பமும் ரசமுமாக இராப்போசனம் கொடுக்கும் ஞாயிறுக்கு முந்தின நாள், திருப்பந்தியில் சேர விரும்புகிறவர்கள் என்னிடம் வந்து பெயர் கொடுக்க வேண்டும். யாரோடாவது சண்டையா, குடித்தாயா, அந்நிய தெய்வத்தைக் கும்பிட்டாயா என்று மூன்று கேள்விகள் கேட்பேன். பதில் திருப்தியாக இருந்தால் பெயரை எழுதிக்கொள்வேன். மறுநாள் நான் பட்டியலை உரக்க வாசிக்க, பெயர் கேட்டவர் எழுந்து முன்னே போய் முழங்காலில் நிற்பார். வாசிக்கப்படாதவர் பாயிலேயே உட்கார்ந்திருப்பார், எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். இந்த ஒழுங்கை யார் தொடங்கிவைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

சந்தேகமான பெயர்களைத் தீர்மானிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி இருந்தது: நான், என் ஊர்ப்பக்கத்தவரான, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த பெரிய கங்காணி. கங்காணிக்கு ஊரில் ஒரு மனைவி, இங்கே ஒரு மனைவி. கடலுக்கு அப்பால் இருக்கும் மனைவியை எங்கள் கமிட்டி கவனத்தில் எடுத்துக்கொள்வதில்லை. டிரஸ்ஸர் மாலையில் கொஞ்சம் பிராந்தி சாப்பிடுவார். மருந்துச்சாலையில் இருப்பதெல்லாம் மருந்து என்று அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. என்னைப் பற்றி இனிமேல் சொல்கிறேன்.

ரப்பர் விலை விழுந்த வருஷங்கள் வந்தன. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். முதலில் கூலிகள், பிறகு கிராணிமார். எங்கள் ஆபீஸில் இரண்டு கிராணிகள் இருந்தோம். ஒருவர் போதும் என்று துரை சொன்னதாகப் பங்களாச் சமையற்காரன் சொன்னான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஜெபம் செய்தேன். பதில் வரத் தாமதமானது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சம்பான் படகில் ஆற்றைக் கடந்து அக்கரைக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்த மலாய்க்காரப் போமோவிடம் போனேன். மந்திரம் வைப்பதிலும் எடுப்பதிலும் அந்தப் பக்கத்தில் பெயர் பெற்ற கிழவர். மிகவும் மரியாதையானவர். என் தொழிலையோ மதத்தையோ அவர் கேட்கவில்லை. துரையின் தாயார் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். மந்திரத்துக்கு அது வேண்டுமாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயந்து, இறந்துபோன இங்கிலாந்து மகாராணியின் பெயரைச் சொன்னேன். அவர் சாம்பிராணி போட்டு ஓர் எலுமிச்சம்பழத்தில் ஊதிக் கொடுத்தார். துரை மிதிக்கும் படிக்கட்டின் அடியில் புதைக்க வேண்டும்.

பழத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே வந்தால், வீட்டுப் படியின் கீழே எங்கள் சபைப் பெண் ஒருத்தி குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். மரம் சீவுகிறவள். புருஷன் முந்தின வருஷம்தான் இறந்திருந்தான். மூன்று வயதில் ஒரே பெண்பிள்ளை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்து, பிள்ளை அழுதால் வெளியே தூக்கிப்போக வசதியாகக் கதவோரம் உட்காருவாள்.

“கும்புடுறேங்க கிராணி ஐயா.”

“நான்... கோழி வாங்க வந்தனான்” என்றேன். அவள் எதுவுமே கேட்கவில்லை.

என் கைக்குட்டை முடிச்சைப் பார்த்தாள். “முட்டையா இருக்கறப்பவே வாங்கிட்டீங்களாங்க?” என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் பேச்சை மாற்றினேன். “பிள்ளைக்கு என்ன?”

“பத்து நாளாக் காச்சலுங்க. டிரஸ்ஸர் ஐயா மருந்து குடுத்தாரு, விட்டுவிட்டு வருது. முனியாண்டிக்குக் கயிறு கட்டி, சேவல் நேந்திருக்கேன். சீனங் கோயில்லயும் சாம்பல் குடுத்தாங்க. இங்கயும் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ஜெபம் செய்தியோ?”

“அது இல்லாமயாங்க? அதுதான மொதல்ல.”

அவளைக் கண்டிக்க வாயெடுத்தேன். கையில் பழம் கனத்தது. சம்பானுக்கு நடந்தேன்.

பழத்தை மறுநாள், துரை சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரத்தில் புதைத்தேன். ஒரு மணி நேரத்தில் அவருடைய நாய் அதைத் தோண்டி எடுத்துச் சமையலறை வாசலில் போட்டது. சமையற்காரன் அதைக் கழுவி வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை மத்தியானம் துரை அதை மீனில் பிழிந்து சாப்பிட்டார் என்று அவனே என்னிடம் சொன்னான், பழத்தில் சாறு அதிகம் என்ற பாராட்டோடு. அந்த வாரக் கடைசியில் துரை மற்றக் கிராணியை நிறுத்தினார். என்னை வைத்துக்கொண்டார். அதே வாரம் அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் எழுந்து நின்று, என் உத்தியோகத்தைக் காப்பாற்றிய கர்த்தருக்கு மட்டும் கண்ணீரோடு நன்றி சொன்னேன். கதவோரத்தில் அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து ‘ஆமென்’ சொன்னாள்.

அவள் விஷயம் வேறு மாதிரிப் போயிற்று. முனியாண்டி கோயிலில் அவள் சேவல் அறுத்ததைக் கங்காணி பார்த்துவிட்டார். அவர் அங்கே எதற்குப் போயிருந்தார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. அவளைப் பாயில் உட்காரவைத்து, நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

முதலில் கொதித்தவர் டிரஸ்ஸர். முனியாண்டிமேல் அவருக்கு வேதப்படியான கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. தன் மருந்துக்கு வர வேண்டிய பெயர் வேறு இடத்துக்குப் போனதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“எதாலை சுகம் வந்தது? சொல்லு பாப்பம்.”

“தெரியலீங்க ஐயா.”

“மூண்டு நேரமும் குவினைன் குடுத்தனான் நான்!”

“குடுத்தீங்க. கசப்புன்னு பாதியத் துப்பிட்டா.”

கங்காணி தொண்டையைச் செருமினார். “ஏம்புள்ள, சாமிகிட்டத்தான் கேட்டுட்டியே, அப்புறம் எதுக்கு முனிகிட்டப் போன? சாமி மேல நம்பிக்கை இல்லியா?”

“நம்பிக்கை இருந்துச்சுங்க. அவசரமும் இருந்துச்சு.”

நான் சமாதானமான குரலில் தலையிட்டேன். இரக்கத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் நிற்பவன் என்று என்னைப் பற்றி எனக்கு எண்ணம். “இஞ்சை பார். வாற உயிர்த்த ஞாயிறு போதகர் வாறார். சபைக்கு முன்னாலை எழும்பி, பிள்ளையைக் காப்பாத்தினது கர்த்தர் மட்டும்தான், முனியாலை ஒண்டும் நடக்கேல்லை எண்டு ஒரு வசனம் சொல்லிவிடு. அண்டைக்கே உன்ரை பெயரை வாசிக்கிறன்.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“போனது தப்புன்னா தப்புன்னு சொல்லிடறேங்க. யாரு காப்பாத்துனாங்கன்னு எப்படிங்க சொல்றது? நான் எல்லாரையும்தான கேட்டேன். தெரியாதத சாமி முன்னாடி தெரிஞ்ச மாதிரி சொன்னாப் பொய்யாயிடாதா?”

டிரஸ்ஸர் என்னைப் பார்த்தார். நான் கங்காணியைப் பார்த்தேன். அந்தக் கட்டடம் கோயிலான நாளிலிருந்து, கடவுள் முன்னால் பொய் சொல்லக் கூடாதே என்று யாராவது கவலைப்பட்டது அன்றுதான் முதல் தடவை. வியாக்கியானங்களில் அதற்கு நான் பதில் படித்ததில்லை.

கங்காணி வேறு பக்கம் பிடித்தார். “போமோகிட்டயும் போனியாமே?”

“போனேங்க.”

“அங்க நம்ம சபையாளுங்க வேற யாரையும் பாத்தியா? இப்பவே சொல்லிடு. அவங்களையும் ஒரு கை பாத்துருவோம்.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அவள் வழக்கு அத்தோடு முடிந்திருக்கும். கமிட்டியும் முடிந்திருக்கும்.

“கோழி வாங்க வந்தவங்க ஒண்ணு ரெண்டு பேரு இருந்தாங்க. மூஞ்சி ஞாபகமில்லீங்க.”

“போமோ கோழியா விக்கிறான்?” என்று கங்காணி ஆவலோடு என் பக்கம் திரும்பினார். “நல்ல நாட்டுக்கோழியா இருக்குமா கிராணியாரே?”

எனக்குத் தெரியாது என்றேன். பிறகு தீர்மானத்தை எழுதினேன்: அறிக்கை செய்யும்வரை இவளுடைய பெயர் திருப்பந்திப் பட்டியலில் சேர்க்கப்படமாட்டாது. என் கையெழுத்து அழகானது. அன்று அது வழக்கத்தைவிட அழகாக விழுந்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாள் போதகர் வந்தார். என் வீட்டில்தான் தங்குவார். மாலைத் தேநீரின்போது என்னால் பொறுக்க முடியாமல், சம்பானிலிருந்து எலுமிச்சம்பழம் வரை எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கேட்டுக்கொண்டே இரண்டு ரொட்டித்துண்டு சாப்பிட்டார். மகாராணியின் பெயர் வந்த இடத்தில் சிரிப்பை அடக்கக் கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இதுக்கே இவ்வளவு கலங்கிறீர்? பயத்திலை தவறினவை சீஷர்மாரிலையே இருந்திருக்கினம். நீர் மனஸ்தாபப்பட்டாச்சு. கர்த்தர் மன்னிச்சாச்சு. தேத்தண்ணி ஆறுது, குடியும்.”

“அப்ப அந்தப் பொம்பிளை, ஐயா? அவளும் பயத்திலைதானே...”

அவர் முகம் உத்தியோக முகமாக மாறியது. “அது வேறை. அவளின்ரை காரியம் ஊர் அறிஞ்சது. லயத்துச் சனத்துக்கு ஒரு கண்டிப்பு வேணும். இல்லாட்டி நாளைக்கு எல்லாரும் சேவலோடை நிப்பினம். உம்மடை காரியம் வெளியிலை தெரியாதுதானே?”

“தெரியாது.”

“பிறகென்ன? மற்றவைக்கு இடறலில்லை.”

நான் மூன்று ஞாயிறு பிரசங்கித்தும் தீர்க்காத சிக்கலை அவர் ஒரு கோப்பைத் தேநீரில் தீர்த்துவிட்டார். இரக்கம் உத்தியோகஸ்தர் வீடுகளுக்கு, நியாயத்தீர்ப்பு லயத்துக்கு. உண்மையில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் பட்டியலை வாசித்தேன். வழக்கப்படி முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது டிரஸ்ஸர், மூன்றாவது கங்காணி. பிறகு மற்றவர்கள். கடைசிப் பெயர் வாசித்து முடிந்ததும் கதவோரத்தில் அசைவு கேட்டது. அவள் எழுந்து, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, வரிசையின் கடைசியில் முழங்காலில் நின்றாள். வலது கையை இடது கையின் மேல் வைத்து, மற்றவர்களைப் போலவே ஏந்தினாள்.

போதகர் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து அவளிடம் நின்றார். அப்பத்தட்டு கையில் இருந்தது. தலையைத் திருப்பி மெல்ல என்னைக் கேட்டார்.

“பெயர் வாசிச்சீரோ?”

அவர் கேட்ட விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது. அதை அன்றே நான் உணர்ந்தேன். நான் ஆம் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பார்.

“இல்லை, ஐயா” என்றேன். “கமிட்டித் தீர்மானம் இருக்கு.”

அவர் திரும்பிப் பீடத்துக்குப் போனார். ஏந்திய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. கடைசிப் பாட்டுத் தொடங்கிய பிறகு அவள் எழுந்து, பிள்ளையோடு என்னைக் கடந்து போனாள்.

“அம்மா, தீந்துபோச்சா?” என்று பிள்ளை கேட்டது.

“ஆமாண்டி கண்ணு. தீந்துபோச்சு.”

எங்களை விட்டுக்கொடுக்காமல் அவள் பிள்ளைக்குச் சொன்ன பதில் அது. நான் பாட்டுப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினேன்.

இரண்டு மாதம் கழித்துத் துரை இன்னும் ஆட்களைக் குறைத்தார். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் விதவைகள் முதலில் என்று உத்தரவு வந்தது. அவர்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிச்செல்ல லாரி வந்த காலையில் அவள் ஆபீஸுக்கு வந்தாள். வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

“ஊர்க் கோயில்ல குடுக்க ஒரு கடுதாசி வேணுமாமுங்க. அது இல்லாட்டி அங்க பந்தியில சேத்துக்க மாட்டாங்களாம். அங்கயாச்சும் சேந்துக்கறேங்க ஐயா.”

சபை மாறிப் போகிறவர்களுக்கு அப்படி ஒரு நற்சாட்சிக் கடிதம் கொடுக்கும் வழக்கம் உண்டு. இவர் பந்தியில் பங்குள்ளவர் என்று ஒரு வரி, என் ஒப்பம், அவ்வளவே. போதகர் ஊரில் இல்லை. கமிட்டியும் பக்கத்தில் இல்லை. லாரி மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. தாளை எடுத்தேன். அந்த ஒரு வரியை எழுத என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. பொய்யாகிவிடுமாம்! கோழி வாங்கவும் கண்ணீரோடு சாட்சி சொல்லவும் இடம் கொடுத்த மனச்சாட்சி, அன்று காலையில் மட்டும் விழித்துக்கொண்டது.

நான் எழுதியது இது: ‘இவர் நன்னடத்தையுள்ளவர், விக்கிரக வணக்கத்தின் பொருட்டுச் சபையின் கண்டிப்புக்கு உட்பட்டிருப்பவர், தாய்ப்பாசத்தினால் நேர்ந்த குற்றமாகையால் இரக்கத்துக்குப் பாத்திரமானவர்.’ மூன்று முறை வாசித்துப் பார்த்தேன். நியாயமும் இரக்கமும் ஒரே வாக்கியத்தில், ஒன்றையொன்று தள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. என் பிரசங்கங்களில்கூட அவ்வளவு நன்றாக அமைந்ததில்லை. நான் பெருமைப்பட்டேன்.

“நல்லபடியா எழுதியிருக்கீங்களாங்க?” என்று கேட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறன்.”

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீங்க நல்லா இருக்கணும் ஐயா” என்றாள். மழையில் நனையாமலிருக்க அதைத் துணியில் சுற்றிப் பிள்ளையின் மாற்றுடைக்குள் வைத்தாள். லாரிக்காரன் கத்தினான். பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டு அவள் ஏறினாள்.

அந்தக் கடிதத்தை அவள் ஊரில் யாரிடம் கொடுத்தாள், அவர் அதை மனதுக்குள் வாசித்தாரா, சபைக்கு முன்னால் உரக்க வாசித்தாரா, எனக்குத் தெரியாது. அவளுடைய ஊரும் அந்த ஊர்க் கோயிலும் எனக்குத் தெரியும். ஆபீஸ் காகிதங்களில் இருந்தன. முதல் கடிதம் தவறு, இவர் பந்தியில் பங்குள்ளவர், தவறு என்னுடையது என்று இன்னொரு கடிதம் எழுத எனக்குப் பத்து வருஷம் அவகாசம் இருந்தது. எழுதினால் ஏன் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் எலுமிச்சம்பழம் வரும். அடுத்த மாதம் எழுதலாம் என்று ஒவ்வொரு மாதமும் இருந்தேன். கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. பிறகு யுத்தம் வந்து கப்பல்கள் நின்றன, தபாலும் நின்றது. இனி எழுதினாலும் போய்ச் சேராது என்று தெரிந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் என் பாவங்களோடு சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.